சோர்ஸ் சரி, பைனரி தப்பு: மூணு பில்ட் ஃபைலின் கதை



போன எபிசோடில், "சாஃப்ட்வேரில் யாருமே பேசாத வேலை எது?" என்ற கேள்விக்கு நான் "பில்ட் ஃபைல்" என்று சொல்லிவிட்டு அடுத்த டாபிக்குக்குத் தாவிவிட்டேன். அதை விவரமா எழுதுங்க என்று சிலர் கேட்டிருந்தீங்க. எழுதுறேன். இந்தக் கதையில் நான் ஹீரோ இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிடறேன்.

வெள்ளி ராத்திரி அடிக்காத அலாரம்

நான் கான்ட்ராக்டர். நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனிக்கு விட்டு விட்டு நாலைந்து வருஷமா வேலை செய்றேன். பேர் வேண்டாம். மருந்து, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் அவங்களோடது. தடுப்பூசி ஃப்ரிட்ஜ் என்றால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கணும். கூடினாலும் குறைந்தாலும் அலாரம் அடிக்கணும். சென்சார் வயர் கழன்றாலும் அடிக்கணும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு கிடங்கில் சென்சார் வயர் கழன்றது. அலாரம் அடிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அங்கே வேலை செய்யும் ஒருத்தர், வழக்கம்போல தனி தெர்மாமீட்டர் வைத்து நோட்டில் எழுதப் போனபோதுதான் ஸ்கிரீனில் ரீடிங்கே இல்லை என்று பார்த்தார். ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருந்தது, 4 டிகிரி. மருந்து எதுவும் வீணாகவில்லை. ஆனா அதே ராத்திரி கரண்டும் போயிருந்தா? அந்த ஃபோன் காலில் எல்லாரும் யோசித்தது அதைத்தான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோடைத் திறந்தேன். சென்சார் பதில் சொல்லாவிட்டால் ரீடிங் "நேன்" ஆகும், அதாவது "நாட் எ நம்பர்", எண் அல்ல. அடுத்த வரியிலேயே "இது நேனா? அப்படின்னா அலாரம் அடி" என்று தெளிவா இருந்தது. என் லேப்டாப்பில் விண்டோஸ் பில்டை ஓட்டி, சென்சாரைப் பிடுங்கினேன். அலாரம் அடித்தது. டெஸ்ட் எல்லாம் பச்சை. சனி முழுக்க, ஞாயிறு பாதி, ஒரு தப்பும் இல்லாத கோடை வரி வரியா டீபக் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இது என்ன வார்னிங்?"

எங்க டீமில் அப்போ ஒரு இன்டர்ன் இருந்தாங்க, ரட்கர்ஸில் மூணாவது வருஷம். தமிழ் வீட்டுப் பொண்ணு. திங்கட்கிழமை அவங்ககிட்ட விஷயத்தைச் சொன்னேன். விண்டோஸ் லேப்டாப் அவங்ககிட்ட கிடையாது. எங்க ப்ராஜெக்டில் இருந்ததோ மூணு பில்ட் ஃபைல். விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப்புக்கு எம்எஸ்விசி கம்பைலர், சர்வருக்கு ஜிசிசி, கிடங்கில் சுவரில் மாட்டியிருக்கும் சின்ன லினக்ஸ் பெட்டிக்கு ஆர்ம் சிப்புக்கான ஜிசிசி. அலாரம் லாஜிக் ஓடுவது அந்தச் சின்னப் பெட்டியில்.

அவங்க அந்தப் பெட்டியின் பில்ட் ஃபைலில் இருந்த ஃபிளாகுகளை அப்படியே எடுத்து, தன் லேப்டாப்பில் இருந்த புது கிளாங் கம்பைலரில் கம்பைல் பண்ணிப் பார்த்தாங்க. பத்து நிமிஷத்தில் மெசேஜ் வந்தது. "அண்ணா, இது என்ன வார்னிங்? நேன் யூஸ் பண்றது செல்லாதுன்னு சொல்லுது."

அப்போதான் அந்த வரியைப் பார்த்தேன். ஃபிளாக் லிஸ்டில் நடுவில் ஒன்று: ஃபாஸ்ட்-மேத்.

ஃபாஸ்ட்-மேத் என்றால், "கணக்கை வேகமா பண்ணு, கறார் விதிகளைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்" என்று கம்பைலரிடம் சொல்வது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து, "என் ப்ரோக்ராமில் நேன் வரவே வராது" என்பது. வரவே வராது என்று நாமே உறுதி கொடுத்த பிறகு "இது நேனா?" என்று கேட்டால் கம்பைலர் என்ன செய்யும்? "இல்லை" என்று முடிவு பண்ணி அந்தச் சோதனையையே தூக்கிவிடும். ஜிசிசி அதைத்தான் செய்தது, சத்தமில்லாமல். மீதி இருந்தது "8-க்கு மேலா? 2-க்குக் கீழா?" என்ற இரண்டு கேள்விகள். எங்க பைனரியில் நேன் வந்தபோது இரண்டுக்குமே "இல்லை" என்றுதான் பதில். ஆக, எல்லாம் நலம். அலாரம் தூங்கிவிட்டது.

எம்எஸ்விசியில் இயல்பாகவே ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்கு கறார் பக்கம்தான் இருக்கும். விண்டோஸ் பில்ட் ஃபைலில் யாரும் ஃபாஸ்ட்-மேத் போடவும் இல்லை. அதனால் என் லேப்டாப்பில் எல்லாம் சரி. அது மட்டுமில்லை, டெஸ்டுகளை ஓட்டும் பகுதியே விண்டோஸ் ஃபைலில் மட்டும்தான் இருந்தது. மத்த ரெண்டு ஃபைலிலும் யாரும் சேர்க்கவே இல்லை.

சரி, அந்த ஃபிளாகைப் போட்ட புண்ணியவான் யார் என்று கிட் பிளேம் போட்டேன். நாலு வருஷத்துக்கு முந்தைய கமிட். கமிட் மெசேஜ், "வேகத்துக்காக". பேர், என்னுடையது. நேனைத் தமிழில் "நான்" என்றும் எழுதலாம் என்பது அப்போதான் தோணிச்சு.

அந்தச் சின்னப் பெட்டியில் கிராஃப் வரைவது மெதுவா இருக்கு என்று புகார் வந்ததும், ஒரே ஒரு ஃபைலுக்கு வேண்டிய ஃபிளாகை மொத்த ப்ராஜெக்டுக்கும் போட்டிருக்கேன். மேனேஜரைக் கூப்பிட்டு நான்தான் என்று சொன்னேன். கான்ட்ராக்டருக்கு அது சுலபமான ஃபோன் கால் இல்லை. அடுத்த மாசம் ரின்யூவல் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது திரும்ப நடக்காம இருக்க என்ன பண்ணணும், எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். ரெண்டு வாரம் என்றேன். மீதிக் கட்டுரை அந்த ரெண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதுதான்.

1976, மரே ஹில்

எடிசனில் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் மரே ஹில். பெல் லேப்ஸ் இருக்கும் இடம். யூனிக்ஸும் சி மொழியும் பிறந்த இடம். பில்ட் ஃபைல் என்ற விஷயத்துக்கே தாத்தாவான "மேக்" பிறந்ததும் அங்கேதான், 1976-ல். எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன்.

அது எப்படி வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடன் வேலை செய்த ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கடுப்போட அவர் ரூமுக்கு வந்தாராம். ஒரு பக்கை ஏற்கெனவே சரி பண்ணிவிட்டார், ஆனால் அந்த ஃபைலை மறுபடி கம்பைல் பண்ண மறந்துவிட்டார். பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே லிங்க் ஆகி, சரியான ப்ரோக்ராமை ஒரு காலைப் பொழுது முழுக்க டீபக் பண்ணியிருக்கிறார். முந்தைய நாள் சாயங்காலம் ஃபெல்ட்மனுக்கும் அதேதான் நடந்திருந்தது. அந்த வார இறுதியிலேயே மேக் உருவானது. எந்த ஃபைல் எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால், மாறினதை மட்டும் மறுபடி கம்பைல் பண்ணும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. சோர்ஸ் சரி, பைனரி தப்பு. அவங்களுக்குப் போனது ஒரு காலை, எனக்குப் போனது ஒன்றரை நாள். இடையில் சுமார் ஐம்பது வருஷம்.

மேக்ஃபைலில் கட்டளை வரி ஸ்பேஸில் தொடங்கக் கூடாது, டேபில்தான் தொடங்கணும் என்று உங்களில் பலர் அடி வாங்கியிருப்பீங்க. அதற்கும் ஃபெல்ட்மனே விளக்கம் கொடுத்திருக்கிறார். முதலில் அவசரத்துக்குச் செய்த எளிய வழி அது. சில வாரத்தில் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டாங்க, அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். இன்றுவரை உலகமே டேப் அடிக்குது. அதே மேக்குக்காக 2003-ல் அவருக்கு ஏசிஎம்மின் சாஃப்ட்வேர் சிஸ்டம் விருது கிடைத்தது.

ஜான்சன் பற்றியும் ஒரு வரி. சி மொழியை வேற வேற மெஷின்களுக்குக் கொண்டுபோக ஒரு போர்ட்டபிள் கம்பைலர் எழுதியவர் அவர். ஒரே சோர்ஸ், பல மெஷின் என்பது அந்தக் கட்டடத்தில் அந்த வருஷங்களில்தான் நிஜமாச்சு. நம்ம தலைவலியும் அங்கேதான் ஆரம்பம்.

அம்மாவின் மூணு இட்லி குறிப்பு

சின்னதா ஒரு கிளைக்கதை. எங்க அம்மா இட்லி மாவுக்கு மூணு பேருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்காங்க. டாலஸ் பக்கம் இருக்கும் அக்காவுக்கு, ஃப்ரீமாண்டில் இருக்கும் சித்தி பையனுக்கு, எனக்கு. மூணும் முழுக் குறிப்பு. எனக்கு எழுதினதில் "குளிர்காலத்தில் அவனைச் சூடாக்காமல் உள்ளே லைட் மட்டும் போட்டு மாவை வை" என்று இருக்கும். அக்காவுக்கு எழுதினதில் "வெயில் காலத்தில் பெரிய பாத்திரம் வை, பொங்கி வழியும், அஞ்சாறு மணி நேரத்தில் பார்த்துடு". சித்தி பையன்கிட்ட கிரைண்டர் கிடையாது, மிக்ஸிதான். அதனால் அவனுக்கு "ஐஸ் தண்ணி ஊத்தி அரை".

அப்புறம் ஒருநாள் அம்மா, வெந்தயம் ஒரு ஸ்பூன் போதாது, ரெண்டு போடணும் என்று முடிவு பண்ணாங்க. ஃபோனில் அக்காகிட்ட சொன்னாங்க. எங்க ரெண்டு பேருக்கும் சொல்ல மறந்துட்டாங்க. ஒரு வருஷம் கழித்து டெக்சஸ் போனப்போதான், அக்கா வீட்டு இட்லி மட்டும் ஏன் பூ மாதிரி இருக்கு என்று எனக்குத் தெரிந்தது.

அரிசி, உளுந்து, வெந்தயம் எல்லா ஊருக்கும் ஒன்று. அது ஒரே தாளில் இருக்கணும். அவன் லைட், ஐஸ் தண்ணி, பெரிய பாத்திரம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அது மட்டும் தனித் துண்டுச் சீட்டு. எங்க மூணு பில்ட் ஃபைலும் மூணு முழுக் குறிப்பாத்தான் இருந்தது. யாரோ ஒன்றை காப்பி அடித்து அடுத்ததை உருவாக்கியிருக்காங்க. பிறகு ஒவ்வொன்றும் தன் போக்கில் வளர்ந்திருக்கு.

பெரிய ப்ராஜெக்டுகள் எப்படிச் சமாளிக்கிறாங்க?

ரெண்டு வாரத்தில் முதல் ரெண்டு நாள், ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளின் பில்ட் ஃபைல்களைத்தான் படித்தேன். நீங்களும் படிக்கலாம், நல்ல பாடம்.

உங்க ஃபோனில் எங்கேயோ கட்டாயம் இருக்கும் இசட்லிப் லைப்ரரியை எடுத்துக்கோங்க. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஜிசிசிக்கு ஒரு மேக்ஃபைல், மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு ஒன்று, பேரிலேயே எது எதுக்கு என்று தெரியும். ப்ராஜெக்ட் சின்னது, சோர்ஸ் ஃபைல் லிஸ்ட் அடிக்கடி மாறாது. அதனால் முழுசு முழுசா வைத்தாலும் தாங்கும்.

விம் எடிட்டர் ஒரு படி மேல். சிக்வினுக்கும் மின்ஜிடபிள்யூவுக்கும் தனித்தனி ஃபைல் இருக்கு, ஆனால் ரெண்டும் சின்னது. ரெண்டுக்கும் பொதுவானது மூணாவது ஃபைலில் இருக்கு, அதை ரெண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்குத் தனி ஃபைல். காரணம், மைக்ரோசாஃப்டின் என்மேக்கும் ஜிஎன்யூ மேக்கும் "இப்படி இருந்தால் அப்படிச் செய்" என்பதை வேற வேற இலக்கணத்தில் எழுதும். ஒன்று எழுதினது இன்னொன்றுக்குப் புரியாது. ஆனா வேரியபிளுக்கு மதிப்புக் கொடுக்கும் சாதாரண வரி ரெண்டுக்கும் புரியும். அதனால் சோர்ஸ் ஃபைல் லிஸ்டை மட்டும் தனி ஃபைலில் வைத்தால் ரெண்டு மேக்கும் பகிர்ந்துக்கலாம். இந்தச் சின்ன தந்திரம் நிறைய பேருக்குத் தெரியாது.

எஸ்க்யூலைட் வேற வழி. மொத்த சோர்ஸையும் ஒட்டி ரெண்டு லட்சம் வரிக்கு மேல் உள்ள ஒரே சி ஃபைலாக வெளியிடுறாங்க. எந்தக் கம்பைலராக இருந்தாலும் அந்த ஒரு ஃபைலைக் கம்பைல் பண்ணினால் போதும்.

எல்எல்விஎம் மாதிரி பெரிய ஆட்கள் சிமேக்குக்குப் போய்விட்டாங்க. 2016-ல் பழைய ஆட்டோகான்ஃப் முறையை எடுத்தே விட்டாங்க. சிமேக் 2000-ல் பிறந்தது, நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் பார்க்கில் இருக்கும் கிட்வேர் கம்பெனியில். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நிதி கொடுத்த ஒரு மருத்துவப் பட மென்பொருளுக்காக எழுதினது. ஆராய்ச்சியாளர்களில் சிலர் யூனிக்ஸ், சிலர் விண்டோஸ். எல்லாருக்கும் ஒரே பில்ட் விவரம் வேணும். சிமேக் தானா கம்பைல் பண்ணாது. நீங்க ஒரு தடவை எழுதினதைப் படித்து, லினக்ஸில் மேக்ஃபைல், விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ ப்ராஜெக்ட், வேணும்னா நிஞ்ஜா ஃபைல் என்று உருவாக்கிக் கொடுக்கும்.

நாங்க செய்தது

நாங்களும் சிமேக்குக்கு மாறினோம். ஆனா கருவியை மாத்தினா மட்டும் பிரச்சினை தீராது. சிமேக்கிலும் ஒரே ஃபைலில் நாற்பது "இந்தக் கம்பைலர்னா இப்படி" போட்டுக் குழப்பலாம். அதனால் எதை எங்கே வைப்பது என்பதற்கு நாலு அடுக்கு வைத்தோம்.

1. பொதுவானது ஒரே இடத்தில். சோர்ஸ் ஃபைல் லிஸ்ட், ஹெடர் பாதைகள், எந்த சி பிளஸ் பிளஸ் ஸ்டாண்டர்டு, டெஸ்டுகள். புது ஃபைல் சேர்த்தா ஒரே வரி. மூணு பில்டுக்கும் தானா போயிடும். இதில் எந்தக் கம்பைலரின் பேரும் வரக் கூடாது.

2. கம்பைலருக்கு ஒரு சின்ன ஃபைல். அதில் அந்தக் கம்பைலர் பேசும் பாஷை மட்டும், முக்கியமா வார்னிங் ஃபிளாகுகள். ஜிசிசியில் எல்லாரும் போடும் "டபிள்யூ-ஆல்" என்பதை அதே பேரில் எம்எஸ்விசியில் போட்டுப் பாருங்க, சிஸ்டம் ஹெடர்களிலிருந்தே வார்னிங் மழையாக் கொட்டும். அங்கே "டபிள்யூ-4" தான் வழக்கம். பேர் ஒன்று, பொருள் வேற. அதனால் மொழிபெயர்ப்பை அந்த ஃபைலுக்குள்ளேயே வைத்தோம்.

3. மெஷினுக்கு ஒரு டூல்செயின் ஃபைல். ஆர்ம் கம்பைலர் எந்தப் பாதையில் இருக்கு, எந்தச் சிப், லைப்ரரிகள் எங்கே. ஒரே ஜிசிசிதான், ஆனா சர்வருக்கு வேற, சுவர்ப் பெட்டிக்கு வேற. கம்பைலர் வேற, மெஷின் வேற என்று பிரித்ததும் பாதிக் குழப்பம் போச்சு.

4. விசேஷ ஃபிளாக் வேண்டுமானால் அந்த ஒரு டார்கெட்டில் மட்டும், பக்கத்திலேயே காரணத்தோட. "வேகத்துக்காக" என்பது காரணம் இல்லை. எவ்வளவு வேகம், எங்கே அளந்தோம், இதனால் எது உடையலாம் என்று எழுதணும். நாங்க அளந்து பார்த்தோம். ஃபாஸ்ட்-மேத் இல்லாமலும் கிராஃப் தேவையான வேகத்தில்தான் வந்தது. அதை எடுத்தே விட்டோம்.

இதோடு மூணு வழக்கங்கள். ஒவ்வொரு கம்பைலருக்கும் தனி பில்ட் ஃபோல்டர். ஒன்றின் ஆப்ஜெக்ட் ஃபைல் இன்னொன்றில் கலக்கவே கூடாது, ஜான்சனுக்கு நடந்தது நினைவிருக்கட்டும். வார்னிங்கை எரராக்கும் ஃபிளாக் சிஐ மெஷினில் மட்டும். ப்ராஜெக்டிலேயே போட்டுவிட்டால், நாளைக்கு யாராவது புது கம்பைலர் வைத்திருந்தா புது வார்னிங் ஒன்றுக்காக அவங்க பில்ட் உடையும். அப்புறம் சிமேக் பிரிசெட். ஒவ்வொரு காம்பினேஷனுக்கும் ஒரு பேர் வைத்து ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி விடலாம். புதுசா வர்ற இன்டர்ன் பேரை மட்டும் அடித்தால் போதும்.

ஒரு பொறியையும் சொல்லணும். கம்பைலர் பேரை வைத்து முடிவெடுக்கும்போது ஜாக்கிரதை. கிளாங், கேட்டால் தன்னை ஜிசிசி என்றும் சொல்லிக்கும், அந்த மேக்ரோவை அதுவும் டிஃபைன் பண்ணும். மேக்கில் வரும் கிளாங்கை சிமேக் "ஆப்பிள் கிளாங்" என்று தனிப் பேரில் அழைக்கும். விண்டோஸில் கிளாங்குக்கு எம்எஸ்விசி மாதிரியே ஃபிளாக் வாங்கிக்கொள்ளும் இன்னொரு வேஷமும் இருக்கு. முடிந்தவரை "நீ யார்?" என்று கேட்காதீங்க, "இது உன்னால் முடியுமா?" என்று கேளுங்க. அதைச் சோதித்துப் பார்க்க சிமேக்கிலேயே வசதி இருக்கு.

நாலாவது கம்பைலர்

கடைசி நாள் சிஐயில் நாலாவதா ஒரு பில்ட் சேர்த்தோம், கிளாங். அதை நாங்க யாருக்கும் கொடுப்பதில்லை. எந்த கஸ்டமரும் அதில் ஓட்டுவதில்லை. "பின்ன எதுக்கு கம்ப்யூட் டைம் வேஸ்ட்?" என்று மேனேஜர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னாடி இன்டர்ன் சொன்னாங்க, "சார், அதுதான் கண்டுபிடிச்சது."

ஜிசிசி வாயே திறக்காத இடத்தில் கிளாங் எச்சரித்தது. வேறொரு நாள் கிளாங் கவனிக்காததை எம்எஸ்விசி பிடிக்கும். பல கம்பைலரைச் சுமை என்றுதான் நான் பல வருஷமா நினைத்தேன். ஒரே கோடை வேற வேற ஆட்கள் படித்துப் பார்ப்பது மாதிரிதான் அது. ஆனா எல்லாரும் படிப்பது ஒரே பிரதியாக இருக்கணும். பில்ட் ஃபைலை ஒழுங்குபடுத்துவது அதுக்குத்தான்.

கான்ட்ராக்ட் ரின்யூ ஆச்சு. அந்த இன்டர்னுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. இப்போ பில்ட் சிஸ்டத்தில் எது மாற்றினாலும் அவங்க அப்ரூவல் வேணும், எனக்கும் சேர்த்து.

இந்த வாரக் கடைசியில் உங்க ப்ராஜெக்டைத் திறந்து மூணு விஷயம் பாருங்க. ஒன்று, புது சோர்ஸ் ஃபைல் சேர்த்தா எத்தனை இடத்தில் எழுதணும்? ரெண்டு, டெஸ்டுகள் எல்லா கம்பைலரிலும் ஓடுதா, இல்லை உங்க லேப்டாப்பில் மட்டுமா? மூணு, ஃபிளாக் லிஸ்டில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கு என்று உங்களால் சொல்ல முடியுமா? சொல்ல முடியாத ஃபிளாகுக்கு கிட் பிளேம் போடுங்க. உங்க பேரே வந்தாலும் பரவாயில்லை. எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.

அம்மாவின் இட்லி குறிப்பு இப்போ ஒரே கூகுள் டாக்கில் இருக்கு. வெந்தயம் ரெண்டு ஸ்பூன்.